மதிலுக்கு வெளியே இருந்த மடம்

‘ஒரே நாளில் இரண்டு கோட்டை நகரங்கள். தனி வண்டி, தனி வழிகாட்டி. வீட்டு வாசலில் ஏற்றி, மாலையில் வீட்டு வாசலிலேயே இறக்கிவிடுவோம்.’ இந்த விளம்பரத்தைப் படித்து நாங்கள் மயங்கிப் போனது உண்மை. 2018ஆம் ஆண்டு மே மாதம், ஸ்பெயின் நாட்டின் தலைநகரான மாட்ரிட்டில், எங்கள் மூத்த அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்தது இது. அத்தானுக்கு அங்கே வேலை. தங்கையரான நாங்கள் இருவரும் அம்மாவை அழைத்துக்கொண்டு விடுமுறைக்குப் போயிருந்தோம். அக்கா உட்பட நாங்கள் மூவரும் இப்பள்ளியில் படித்தவர்கள்.

மலருக்கு ஒரு பயணக் கட்டுரை வேண்டும் என்று சகோதரியர் கேட்டார்கள். பயணக் கட்டுரையாக எழுதினால் நாங்கள் செய்த பிழையை அழகாக மறைத்துவிடலாம். ஆகவே எங்கள் கருத்தையே எழுதுகிறோம். பழைய நகரங்களைப் பார்க்கத் தனி வழிகாட்டி வைத்துக்கொள்வது வீண் செலவு அன்று. ஆனால் ஒரு நாளைக்கு ஒரு நகரம் போதும். அந்த ஒன்றிலும், வழிகாட்டி வகுத்த திட்டத்தை நாம் அப்படியே வாங்கிக்கொள்ளக் கூடாது.

அந்த இரண்டு நகரங்கள் அவிலாவும் செகோவியாவும். அவிலா மாட்ரிட்டுக்கு வடமேற்கே ஏறத்தாழ 110 கிலோமீட்டர். கடல் மட்டத்துக்கு மேல் 1,100 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருப்பதால், மே மாதத்திலும் காலைக் குளிர் எலும்பைத் தொட்டது. அம்மா தலையில் சேலை முந்தானையைப் போட்டு, அதன்மேல் அக்காவின் கம்பளிச் சால்வையையும் போர்த்திக்கொண்டார்கள். வண்டி ஒரு வளைவில் திரும்பியதும் மதில் தெரிந்தது. படங்களில் பலமுறை பார்த்ததுதான். ஆனாலும் நேரில் கண்டபோது ஒருவரும் பேசவில்லை. ஏறத்தாழ 2,500 மீட்டர் சுற்றளவு, ஒன்பது வாசல்கள், சராசரி 12 மீட்டர் உயரம். கொத்தளங்கள் மட்டும், எண்ணுகிறவர்களைப் பொறுத்து, 87 என்றும் 88 என்றும் சொல்லப்படுகின்றன! இடையில் எங்கும் அறுபடாமல் ஒரு நகரை முழுமையாகச் சுற்றி நிற்கும் இடைக்கால மதிலை நாங்கள் அதற்கு முன் கண்டதில்லை.

வழிகாட்டியாக வந்தவர் இளம்பெண். அரசு அனுமதிச் சீட்டைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். நாங்கள் மட்டும் போயிருந்தால் மதிலைப் பார்த்து வியந்து, நிழற்படம் எடுத்துக்கொண்டு திரும்பியிருப்போம். அவரோ முதலில் கிழக்குப் பக்கத்துக்கு அழைத்துச் சென்று, “கற்களைப் பாருங்கள்” என்றார். பார்த்தோம். சாதாரணக் கருங்கற்களுக்கு நடுவே செதுக்கப்பட்ட கற்கள் இருந்தன. உரோமைக் காலத்துக் கல்லறைக் கற்களாம் அவை! மதில் கட்டியவர்கள் பழைய கல்லறைகளைக் கலைத்து, கிடைத்த கல்லையெல்லாம் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். இன்னும் சில அடி நடந்ததும் மதில் அரைவட்டமாக வெளியே புடைத்து நின்றது. அது கொத்தளம் என்றே நினைத்தோம். கொத்தளந்தான்; அதே சமயம் பேராலயத்தின் பீடப் பகுதியும் அதுவேதான். உள்ளே பூசை நடக்கும் இடத்தின் வெளிச்சுவரே நகரின் காவற்சுவராகவும் இருக்கிறது. இதை யார் சொல்லாமல் நாங்கள் கண்டுகொண்டிருப்போம்?

மதில் எப்போது கட்டப்பட்டது என்று கேட்டோம். 1090இல் தொடங்கி ஒன்பதே ஆண்டுகளில் முடித்தார்கள் என்பது ஊரார் கதை என்றும், பெரும்பகுதி 12ஆம் நூற்றாண்டு வேலை என்பதே ஆராய்ச்சியாளர் பலரின் முடிவு என்றும் சொன்னார். நல்ல வழிகாட்டிக்கு இதுதான் அடையாளம் என்று எங்களுக்குப் பட்டது. அவர் கதையை மறைக்கவும் இல்லை, அதை வரலாறாக விற்கவும் இல்லை.

அவர் சொன்ன இன்னொரு கதையை மாணவியருக்காக எழுதாமல் இருக்க முடியவில்லை. 1109ஆம் ஆண்டு, ஆண்கள் எல்லாரும் போருக்குப் போயிருந்த சமயம், பகைவர் படை அவிலாவை நோக்கி வந்ததாம். ஹிமேனா பிளாஸ்கெஸ் என்னும் பெண்மணி ஊர்ப் பெண்களையெல்லாம் கூட்டினாளாம். தலையில் தொப்பி, முகத்தில் பொய்த் தாடி, கையில் ஆயுதம் என்று வேடமிட்டு அவர்கள் மதில்மேல் வரிசையாக நின்றார்களாம். இத்தனை வீரரா என்று அஞ்சிப் பகைவர் திரும்பிவிட்டார்களாம். “ஆதாரம் கேட்காதீர்கள். எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கதை” என்று வழிகாட்டி சிரித்தார். நம் பள்ளி ஆண்டுவிழாவில் ஒட்டுமீசை கீழே விழ, அரசர் வேடம் போட்ட நாட்கள் நினைவுக்கு வந்து நாங்களும் சிரித்தோம்.

இவ்வளவு நல்ல வழிகாட்டி இருந்தும் பிழை எங்கே நேர்ந்தது? அதற்கு அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அம்மா பிறந்தது அக்டோபர் 15ஆம் நாள். அன்று அவிலா புனித தெரேசம்மாள் திருநாள். ஆகவே ஞானஸ்நானத்தில் அந்தப் பெயரே இட்டார்கள். (நம் ஊரில் தெரேசம்மாள் என்றதும் பலருக்கும் சிறுமலராகிய குழந்தை தெரேசம்மாள்தான் நினைவுக்கு வரும். அவர் பிரான்சு நாட்டவர், முந்நூறு ஆண்டுகளுக்குப் பிந்தியவர். இந்த விளக்கத்தை அம்மா ஆயுள் முழுதும் சொல்லிச் சொல்லி அலுத்திருக்கிறார்கள்.) கையில் இறகுப் பேனாவுடன் இருக்கும் அவிலா தெரேசம்மாளின் படம் எங்கள் வீட்டுப் பீடத்தில் உண்டு. 1970ஆம் ஆண்டு திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநர் என அறிவித்தார். பெண் ஒருவருக்கு அப்பட்டம் கிடைத்தது அதுவே முதல் முறை. அந்தச் செய்தியைப் பங்குச் சாமியார் கோயிலில் வாசித்ததை அம்மா இன்றும் சொல்வார்கள்.

அம்மாவுக்கு அவிலாவில் பார்க்க வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அது மனிதாவதார மடம். தெரேசம்மாள் 1535இல் கார்மேல் கன்னியராகச் சேர்ந்து, 27 ஆண்டுகள் வாழ்ந்த இடம். பிற்பாடு தலைவியாகவும் திரும்பி வந்த இடம். 1982 நவம்பர் 1ஆம் நாள் அவிலாவுக்கு வந்த திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பரும் அம்மடத்துக்குச் சென்றார். ஆனால் அம்மடம் மதிலுக்கு வெளியே, வடக்கே இருக்கிறது. எங்கள் திட்டமோ ‘மதில் சூழ்ந்த நகரங்கள்’. மதிலுக்கு உள்ளே, அவர் பிறந்த வீடு இருந்த இடத்தில் கட்டிய கோயிலுக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். அங்கே அவருடைய விரல் ஒன்று திருப்பண்டமாக இருக்கிறது. வெளியே இருந்த மடம் திட்டத்தில் இல்லை.

அம்மாவுக்கு மூட்டுவலி. மதில்மேல் ஏற முடியாது. ஆகவே பேராலயத்துக்குள் உட்காரவைத்துவிட்டு, நாங்கள் வழிகாட்டியுடன் ஏறினோம். வடபுற மதில்மேல் நடந்தபோது அவர் கை நீட்டி, “அதுதான் மனிதாவதார மடம்” என்றார். நாங்கள் பார்த்தோம். கைப்பேசியில் படமும் எடுத்தோம். கீழே இறங்கி வந்து அந்தப் படத்தை அம்மாவிடம் காட்டினோம்! இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. யார் பார்க்க வேண்டும் என்று கடல் கடந்து வந்தாரோ அவருக்குப் படம், உடன் வந்தவர்களுக்கு நேர்க்காட்சி.

பிறகு ஆற்றுக்கு அப்பால் உள்ள நான்கு தூண்கள் என்னும் இடத்துக்குப் போனோம். மதில் முழுவதும் கண்ணில் தெரியும் மேடு அது. நடுவில் கற்சிலுவை, சுற்றிலும் நான்கு தூண்கள். ஏறத்தாழ ஏழு வயதில் தெரேசம்மாள், வேதசாட்சியாக உயிர்விட வேண்டும் என்று அண்ணன் ரொத்ரிகோவைக் கூட்டிக்கொண்டு, மூர்களின் நாட்டுக்குப் போக வீட்டை விட்டுப் புறப்பட்டார். சிற்றப்பா வந்து பிடித்துக்கொண்டு போனது இவ்விடத்தில்தான் என்பது ஊர் வழக்கு. தூண்கள் பிற்பாடு வந்தவை என்பதையும் வழிகாட்டி சொல்லத் தவறவில்லை. அம்மா கதையைக் கேட்டுவிட்டு, “மடம் இங்கிருந்து தெரியுமா?” என்றார்கள். அவர் மதிலுக்கு இடப்புறம் கை காட்டினார். அம்மா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு மூன்று நிமிடம் நின்றார்கள். ஓட்டுநர் வண்டியை முடுக்கிவிட்டார்.

அங்கே போக முடியுமா என்று அப்போதுதான் கேட்டோம். வண்டியில் சில நிமிடம்தான். ஆனால் உள்ளே பார்க்க ஒரு மணி நேரமாவது வேண்டும், மதியம் மூடிவிடுவார்கள், செகோவியாவில் உணவுக்கு இடம் பதிவு செய்தாயிற்று என்றார். நாங்கள் அத்தானைப் பார்த்தோம், அத்தான் கடிகாரத்தைப் பார்த்தார். “பரவாயில்லை, போகலாம். பணம் கட்டியாயிற்றே” என்றார்கள் அம்மா. நம் வீட்டு அம்மாக்களின் ‘பரவாயில்லை’க்கு என்ன பொருள் என்று நமக்குத் தெரியாதா? தெரிந்தும் வண்டியில் ஏறினோம்.

செகோவியாவைக் குறைத்துச் சொல்ல மாட்டோம். உரோமையர் கட்டிய நீர்ப்பாலம், சாந்து இல்லாமல் கல்லின்மேல் கல்லாக 28 மீட்டர் உயரத்துக்கு எழும்பி, ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டாக நிற்கிறது. 20ஆம் நூற்றாண்டு வரை தண்ணீரும் கொண்டுவந்திருக்கிறது. எங்களில் இளையவள், அதற்காகவே அந்த நாள் வீணாகவில்லை என்று இன்னும் வாதாடுகிறாள். ஆனால் அங்கே நாங்கள் அதிக நேரம் செலவிட்டது எதில் தெரியுமா? சாப்பாட்டில்! முழுதாகச் சுட்ட பால்குடிப் பன்றிக்குட்டி அவ்வூரின் பெயர் பெற்ற உணவு. கத்திக்குப் பதில் பீங்கான் தட்டின் விளிம்பால் அதை வெட்டி, பிறகு தட்டைத் தரையில் போட்டு உடைப்பார்கள். அம்மா அதன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சூப்பும் ரொட்டியும் போதும் என்றார்கள். அதற்கு ஆனது இரண்டு மணி நேரம். மடத்துக்கு வேண்டியிருந்தது ஒரு மணி நேரம். மாலையில் அரண்மனைக் கோட்டையை ஓட்டமும் நடையுமாகப் பார்த்தோம். அதன் அடிவாரத்தில், இந்த ஊரிலும் மதிலுக்கு வெளியேதான், புனித சிலுவை அருளப்பரின் கல்லறை இருக்கிறது என்பது வீடு திரும்பிய பிறகு புத்தகத்தில் படித்துத் தெரிந்தது. தெரேசம்மாளின் ஆன்ம துணைவராக, அவிலாவின் மனிதாவதார மடத்தில் ஆன்ம குருவாக இருந்தவர் அவர்.

திரும்பும் வழியில் வழிகாட்டி சொன்ன ஒரு சொல் எங்களைச் சுட்டது. “உங்கள் அம்மாவின் பெயர் தெரேசா என்று முன்பே எழுதியிருந்தால், காலையில் மடத்திலிருந்தே தொடங்கியிருப்பேன்.” உண்மைதான். பதிவுத் தாளில் எத்தனை பேர், எந்த மொழி என்பவற்றை நிரப்பினோம். வேறு விருப்பம் ஏதும் உண்டா என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டோம். தையற்காரரை வீட்டுக்கே வரவழைத்துக் கூலியும் கொடுத்துவிட்டு, அளவு கொடுக்காமல் ஆயத்த ஆடையை வாங்கிக்கொண்ட கதைதான் எங்களுடையது.

“அவ்வளவு தூரம் போய் ஒரே ஊரா?” என்று பெற்றோர் கேட்கலாம். அத்தானும் அதையே கேட்டார். அவிலாவைப் பாருங்கள். யுனெஸ்கோ 1985இல் அதை உலக மரபுச் சின்னமாக ஏற்றபோது, மதிலுக்கு வெளியே உள்ள கோயில்களையும் சேர்த்தே பெயரிட்டது. உள்ளும் புறமும் சேர்ந்ததுதான் அந்த ஊர். தெரேசம்மாள் 1562இல் நான்கு இளம் துறவியரோடு தொடங்கிய முதல் சீர்திருத்த மடமான சூசையப்பர் மடமும் வெளியேதான் இருக்கிறது. நிலையான வருமானம் இல்லாத மடம் ஊருக்குச் சுமை என்று அன்று நகர மன்றம் எதிர்த்து நின்றது. இன்று அதே ஊரில், முட்டை மஞ்சட்கருவும் சர்க்கரையும் சேர்த்துச் செய்த இனிப்புக்குக்கூட அவர் பெயர்தான்! இதையெல்லாம் நின்று கேட்க அரை நாள் போதுமா?

பள்ளிச் சுற்றுலாவுக்கும் இதைச் சொல்லத் துணிகிறோம். நாங்கள் படித்த நாளில் ஒரே பேருந்தில் ஐந்து இடங்கள் போவோம். ஊதல் ஊதினால் இறங்குவோம், மறுபடி ஊதினால் ஏறுவோம். ஐந்தில் எதுவும் இன்று தெளிவாக நினைவில் இல்லை, பேருந்தில் பாடிய பாட்டுகளைத் தவிர. இடங்களைக் குறைத்து, அந்த ஊரை அறிந்த ஒருவரை அமர்த்தி, பிள்ளைகள் எதைப் பார்க்க விரும்புகிறார்கள் என்று ஒரு வாரம் முன்பே எழுதி வாங்கினால் என்ன?

அம்மா அந்த மடத்தைப் பற்றி அதன்பின் எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவிலாவில் வாங்கிய இனிப்பு தீர்ந்த பிறகு, அந்தப் பெட்டியில் ஜெபமாலைகளைப் போட்டு வைத்திருக்கிறார்கள். இக்கட்டுரையை அச்சுக்கு அனுப்புமுன் வாசித்துக் காட்டினோம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “மூன்று நிமிடமா? ஐந்து நிமிடம் நின்றேன். திருத்திக்கொள்ளுங்கள்” என்றார்கள்.