உறுதியும் உறுதிமொழியும்

யாழ்ப்பாணத்தில் காணிப் பத்திரத்துக்கு ‘உறுதி’ என்று பெயர். அரசு தருவது உறுதிமொழி. முன்னதைச் சனங்கள் றங்குப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிறார்கள். இடம்பெயர நேர்ந்தால் முதலில் அதைத்தான் எடுக்கிறார்கள். பின்னதை யாரும் பத்திரப்படுத்துவதில்லை. குடாநாட்டில் சமூகத்துக்கும் அரசுக்கும் உள்ள தூரத்தை இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவே அளந்து பார்க்கலாம்.

அரசே வேண்டாம் என்று ஒதுங்கிய ஊரல்ல இது. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் (அரசாங்கத்தில்) மேய்க்க வேண்டும் என்பது இங்கத்தைய பழமொழி. அரச உத்தியோகம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கச்சேரி எல்லாம் வேண்டும். நம்பிக்கை இல்லாதது கொழும்பின் வாக்கில். 1957 ஜூலையில் எழுதப்பட்ட பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தம் ஒன்பது மாதங்களுக்குள் கைவிடப்பட்டது. 1965இன் டட்லி–செல்வநாயகம் ஒப்பந்தம் சொன்ன மாவட்ட சபைகளும் வரவில்லை.

போருக்குப் பிறகு இந்தக் கணக்கு காணியில் எழுதப்படுகிறது. போர்க்காலத்தில், 1990 ஜூனில், வலிகாமம் வடக்குச் சனங்கள் வீடு வாசலை விட்டு வெளியேறினர். பலாலி, மயிலிட்டி, காங்கேசன்துறைப் பகுதிகள் உயர் பாதுகாப்பு வலயமாயின. பலர் மல்லாகம், சுன்னாகம் பக்கத்து நலன்புரி முகாம்களில் பல ஆண்டுகள் கிடந்தனர். ஓர் உறுதியைப் பிரித்தால் காணியின் பெயர், பரப்பு, நான்கு எல்லைக்காரரின் பெயர்கள், கிணற்றில் பங்கு, வழிவாய்க்கால் உரிமை எல்லாம் வரிசையாக இருக்கும். வலயத்துக்குள் வேலியும் கதியாலும் அழிந்து, எல்லைகள் அந்தத் தாளில் மட்டும் எஞ்சின. போர் முடிந்து நான்கு ஆண்டுகளில், 2013இல், அங்கே 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டப்பட்டது. உரிமையாளர்கள் நீதிமன்றம் போனார்கள். பிறகு துண்டு துண்டாக விடுவிப்பு நடந்தது. மயிலிட்டித் துறைமுகம் 27 ஆண்டுகள் கழித்து, 2017 ஜூலையில் கைக்கு வந்தது. அதே பகுதியின் தையிட்டியில் பௌத்த விகாரை நிற்கும் நிலத்துக்கு உறுதி வைத்திருப்பவர்கள் போயா தினங்களில் போராடுகிறார்கள்.

இத்தனைக்கும் பிறகும் சனங்கள் நம்பிப் பார்த்தார்கள். 2024 நவம்பர் பொதுத் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3ஐத் தேசிய மக்கள் சக்தி வென்றது. தெற்கை அடித்தளமாகக் கொண்ட கட்சியொன்று இங்கே முதலிடம் பெற்றது புதுமை. அந்தக் கட்சியின் அரசிடமிருந்து 2025 மார்ச் 28 அன்று வர்த்தமானி ஒன்று வந்தது: வடக்கில் 5,940 ஏக்கருக்கு மூன்று மாதங்களுக்குள் உரிமை கோராவிட்டால் அது அரச காணி. அதில் 3,669 ஏக்கர் யாழ் மாவட்டத்தில். உறுதி போரில் எரிந்தவர், உரித்தாளர் கனடாவிலோ பிரான்சிலோ இருப்பவர், பெற்றோர் பெயரிலிருந்து மாற்றாமல் விட்டவர் யாருக்கும் மூன்று மாதம் போதாது. மே 6 உள்ளூராட்சித் தேர்தலில் யாழ் மாவட்டத்தின் பெரும்பாலான சபைகளில் தமிழரசுக் கட்சி மீண்டும் முன்னுக்கு வந்தது. ஜூன் இறுதியில் உச்ச நீதிமன்றம் அந்த வர்த்தமானிக்கு இடைக்காலத் தடை விதித்தது. அரசும் அறிவித்தலை மீளப்பெற்றது.

அதே ஆண்டு ஏப்ரல் 10 அன்று வசாவிளான்–பலாலி வீதி 35 ஆண்டுகளுக்குப் பின் திறக்கப்பட்டது. அன்று வைக்கப்பட்ட பலகையில் நிபந்தனைகள் இருந்தன: காலை 6 முதல் மாலை 5 வரை மட்டும்; வாகனத்தை இடையில் நிறுத்தக்கூடாது; படம் எடுக்கக்கூடாது; நடந்து போகக்கூடாது. கொடுத்ததும் உண்மை, கொடுத்த விதமும் உண்மை. சனங்கள் இரண்டையும் சேர்த்தே எடை போடுகிறார்கள்.

காணி உறுதி செல்லுபடியாக நொத்தாரிசின் முன் இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். 1840இலிருந்து சட்டம் அப்படி. அரசின் உறுதிமொழிக்குச் சாட்சி ஒன்றே போதும். உறுதிக்காரர் தன் வளவுக்குள் போய், தன் கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் அள்ள வேண்டும்.