கட்சிக்கு எஜமானர் யார்?

ஜனநாயகம் என்றால் என்னவென்று கேட்டால், ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை ஓட்டுப் போடுவதுதான் என்று அநேகர் உடனே பதில் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் ஓட்டுச் சாவடியில் நம் முன் வைக்கப்படும் பெயர்களைப் பொறுக்கி எடுத்தவர் யார், அந்த இடத்தில் நமக்கு ஏதாவது பேச்சு உண்டா என்று கேட்பவர்கள் வெகு சிலரேயாவார்கள். சமையற்காரன் வைத்த இரண்டு கறிகளில் ஒன்றைத் தொட்டுக்கொள்ள மாத்திரம் உரிமையுள்ளவனை வீட்டுக்கு எஜமானன் என்று யாராவது சொல்வார்களா?

ஆகவே ஒரு கட்சியின் யோக்கியதையை அதன் பெயராலோ, கொடியாலோ, அறிக்கையிலுள்ள தித்திப்பான வார்த்தைகளாலோ அளப்பதில் பயனில்லை. அபேட்சகரைப் பொறுக்குவது யார்? தலைவரை இறக்கக் கூடியவர் யார்? இந்த இரண்டு கேள்விகளே போதும் என்பது நமது அபிப்பிராயம்.

முதலாவதாக அமெரிக்காவைப் பார்ப்போம். அங்கே தென் மாகாணங்களில் ஒரு காலத்தில் டெமாக்ரடிக் கட்சி நிறுத்தியவர் ஜெயிப்பது நிச்சயம். ஆதலால் அக்கட்சி தன் அபேட்சகரைத் தெரிந்தெடுக்க நடத்தும் முதல் தேர்தலே உண்மையான தேர்தலாக இருந்தது. டெக்சாஸ் மாகாணத்தார் அந்த முதல் தேர்தலில் கறுப்பு மக்களுக்கு ஓட்டில்லை என்று 1923-ல் சட்டமே செய்தார்கள். 1927-ல் சுப்ரீம் கோர்ட்டு அதைத் தள்ளிற்று. பிறகு கட்சியே அப்படித் தீர்மானம் செய்து கொண்டது. கட்சி என்பது தனிப்பட்டவர்களின் சங்கம், யாரைச் சேர்ப்பது என்பது அதன் இஷ்டம் என்று 1935-ல் அதே கோர்ட்டு ஒப்புக்கொண்டும் விட்டது. கறுப்பு மனிதனுக்குப் பொதுத் தேர்தலில் ஓட்டு உண்டு. ஆனால் அது பந்தி முடிந்த பிறகு போடப்பட்ட இலை! ஹூஸ்டன் நகரத்துப் பல் வைத்தியர் லோனி ஸ்மித் என்பவர் வழக்காடியதன் மேல், 1944-ல்தான் இந்த விலக்குச் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. பிறவியைக் காட்டி மனிதனைத் தள்ளுகிறவர்கள் கோவில் வாசலில் மாத்திரமல்ல, கட்சி வாசலிலும் நிற்பார்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

நிற்க, ரஷ்யாவில் நடந்ததைக் கவனிப்போம். தொழிலாளர் பெயரால் அதிகாரத்திற்கு வந்த கம்யூனிஸ்டு கட்சி, 1921-ல் தனக்குள்ளே தனிக் கோஷ்டிகள் இருக்கக் கூடாதென்று தீர்மானித்தது. அடுத்த வருஷம் ஸ்டாலின் பொதுக் காரியதரிசியானார். யாருக்கு எந்த உத்தியோகம் என்பது அவர் காரியாலயத்தின் கைக்குப் போய்விட்டது. 1934-ம் வருஷ மகாநாட்டுக்கு வந்த 1,966 பிரதிநிதிகளில் 1,108 பேர் பின்னால் கைது செய்யப்பட்டார்களென்றும், அங்கே தெரிந்தெடுக்கப்பட்ட மத்தியக் கமிட்டியார் 139 பேரில் 98 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்களென்றும் அக்கட்சியின் தலைவர் குருஷேவே 1956-ல் சொன்னார். தலைவரை இறக்க வழியில்லாத கட்சியில் முதற்பலி எதிரியல்ல, கட்சிக்காரனே என்பது இதனால் விளங்காமற் போகாது.

ஜெர்மனியில் 1921-லேயே நாஜிக் கட்சி தன் சகல அதிகாரத்தையும் ஹிட்லர் ஒருவர் கையில் கொடுத்துவிட்டது. 12 வருஷம் கழித்து, 1933 ஜூலையில், தேசத்தில் வேறு கட்சியே கூடாதென்று சட்டம் வந்தது. கட்சிக்குள் ஏற்பட்ட ஏற்பாடே நாட்டுக்கும் ஏற்பாடாயிற்று. பட்டுத் தெரிந்தவர்களானதால், 1949-ல் மேற்கு ஜெர்மனியார் எழுதிய அரசியல் சட்டத்தின் 21-வது ஷரத்தில், கட்சிகளின் உள் அமைப்பு ஜனநாயக முறைப்படி இருக்க வேண்டுமென்று விதித்தார்கள். 1967-ல் அதற்கென்று தனிச் சட்டமும் செய்தார்கள். இரண்டு வருஷத்திற்கு ஒரு முறையாவது நிர்வாகிகளைத் தெரிந்தெடுத்தாக வேண்டும். அபேட்சகர்களை ரகசிய ஓட்டினால் பொறுக்க வேண்டும். இன்று ஜெர்மனி முழுமைக்கும் அதுவே விதி.

கட்டுப்பாடு இல்லாவிட்டால் கட்சி சந்தைக் கடையாகிவிடாதா என்று சிலர் கேட்கலாம். இங்கிலாந்தில் கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறுகிற மெம்பரைக் கட்சியை விட்டு நீக்கலாம். ஆனால் பார்லிமெண்டு ஸ்தானத்தைப் பிடுங்க முடியாது. மூன்று பொதுத் தேர்தல்களில் ஜெயம் தேடிக் கொடுத்த தாட்சர் அம்மையார், 1990-ல் கட்சி மெம்பர்களின் 204 ஓட்டுகளைப் பெற்றும், விதிப்படி வேண்டிய வித்தியாசத்திற்கு 4 ஓட்டுக் குறைந்து, பிறகு விலகினார். 2022-ல் கட்சி அங்கத்தினர்களின் 81,326 ஓட்டுகளைப் பெற்று வந்த லிஸ் டிரஸ் அம்மையார் ஏழு வாரத்தில் இறங்க வேண்டியதாயிற்று. அங்கத்தினர்கள் தவறாகவும் பொறுக்கலாம் என்பது மெய்யே. ஆனால் பொறுக்கிய தவறைத் திருத்த வழியிருந்தது. கட்சியும் அழிந்து போய்விடவில்லை.

இனி நம் நாட்டுச் சங்கதி. 1967-ல் அரியானாவில் ஒரு சட்டசபை மெம்பர் இரண்டு வாரத்திற்குள் மூன்று தரம் கட்சி மாறிய கேலிக்கூத்து யாவருக்கும் தெரியும். இந்த வியாபாரத்தை நிறுத்த 1985-ல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. நியாயந்தான். ஆனால் அதன்படி, கட்சி உத்தரவுக்கு விரோதமாக ஓட்டுக் கொடுத்த மெம்பரைக் கட்சி மன்னிக்காவிட்டால் அவரது ஸ்தானமே போய்விடும். 1989-ல் வந்த சட்டம், கட்சியாகப் பதிவு செய்து கொள்ள வேண்டுமானால் ஜனநாயகத்தில் பற்றுள்ளதாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்கிறது. ஆனால் அபேட்சகரை அங்கத்தினர்களே ஓட்டுப் போட்டுப் பொறுக்க வேண்டுமென்று எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. கட்சி கையெழுத்திட்டுக் கொடுக்கும் ‘பி’ படிவம் எவர் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் சின்னம். அப்படியானால் மெம்பர் யாருக்குப் பயப்படுவார்? ஓட்டுப் போட்ட நமக்கா, படிவம் கொடுத்த கைக்கா? மெம்பரைக் கட்டிப் போடக் கயிறு திரித்த சட்டம், அக்கயிற்றின் மறு நுனியைப் பிடித்திருப்பவரை ஒன்றும் கேட்கவில்லையே!

ஆகவே தோழர்களே! எந்தக் கட்சிக்குச் சந்தா கட்டினாலும், கொடி பிடித்தாலும், நமது தொகுதி அபேட்சகரை யார், எந்தக் கூட்டத்தில், எத்தனை ஓட்டில் பொறுக்கினார்கள் என்று கேளுங்கள். கேட்டதற்காகக் கோபித்துக் கொள்ளுகிற கட்சி, நாளைக்கு நாட்டையும் அப்படித்தான் நடத்தும்.