குருவி தலையில் பனங்காய்

நம்ம யானைக்கவுனி சந்து வீடுகளில் பத்துக்குப் பத்து அறைதான் அதிகம். ஆனா ரிச்சி தெருவுக்குப் போனா கண்ணு 12 அங்குல ஊஃபர் மேலதான் போகுது! பெரிசா இருந்தா நல்லா கேக்கும்னு ஒரு நினைப்பு.

இயற்பியல் என்ன சொல்லுது? ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 3 மீட்டர் அறையில், 57 ஹெர்ட்ஸ் அளவுள்ள ஒலி எதிரெதிர் சுவர்களில் மோதி மோதிப் பெருகும். பாஸ் ‘கும்’முனு அடைச்சுக்கும், பாட்டு வரி புரியாது. இந்த அறைக்கு 5 அங்குல ஸ்பீக்கரே தாராளம். அதையும் மூலையில் ஒட்டி வைக்கக் கூடாது.

ஒட்டுச்சுவர் வீட்டில் பாஸ் அடுத்த வீட்டுக்கும் போகும். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதிக்கு இரவு வரம்பு 45 டெசிபல்தான். சுவருக்கு அந்தப் பக்கம் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கிறவங்க இருப்பாங்க. அறையை அளந்து ஸ்பீக்கர் வாங்குவோம். நாமும் கேப்போம், அவங்களும் படிக்கட்டும்!