நல்லெண்ணமும் நதிநீரும்

நீர் பற்றிய சர்வதேச மாநாடுகள் 'ஒத்துழைப்பு' என்னும் சொல்லுடன் தொடங்கி அதே சொல்லுடன் முடிவடைகின்றன. 1977ஆம் ஆண்டு ஆர்ஜென்டீனாவின் மார் டெல் பிளாட்டா நகரில் ஐக்கிய நாடுகள் சபை நீருக்கென முதலாவது பெருமாநாட்டைக் கூட்டியது. அதனையொத்த அடுத்த மாநாடு நியூயோர்க்கில் கூடுவதற்கு 46 ஆண்டுகள் கழிய வேண்டியிருந்தது. 2023 மார்ச்சில் நிகழ்ந்த அம்மாநாட்டிலே அரசுகளும் நிறுவனங்களும் நூற்றுக்கணக்கான உறுதிமொழிகளை அள்ளி வழங்கின. அவை யாவும் தாமாக விரும்பி அளிக்கப்பட்டவை. அளித்தவரைச் சட்டத்தாற் கட்டுப்படுத்தாதவை. நிறைவேற்றினாற் புகழுண்டு, நிறைவேற்றாவிடிற் கேட்பாரில்லை.

நல்லெண்ணம் குறைந்தமையே நீர்ப் பிரச்சினைக்குக் காரணம் எனக் கருதுவோர் இத்தகைய உறுதிமொழிகளில் நம்பிக்கை வைக்கலாம். உண்மையில், பல நாடுகளூடாக ஓடும் ஆற்றின் பிரச்சினை அதிகாரம் பற்றிய பிரச்சினையாகும். எவர், எவ்வளவு நீரை, எந்த உரிமையால் எடுக்கின்றார் என்ற வினாவை எழுப்பாத ஒத்துழைப்பு, ஏலவே எடுத்துக்கொண்டவரின் பங்கைக் காக்கும் கவசமாகவே அமையும். நைல் நதியின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1929இலே எகிப்துக்கும் பிரித்தானியாவுக்குமிடையே குறிப்புகள் பரிமாறப்பட்டு ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. சூடானிலோ, பிரித்தானிய நிருவாகத்தின் கீழிருந்த ஏனைய நைல் நாடுகளிலோ, எகிப்தை அடையும் நீரைக் குறைக்கக்கூடிய எவ்வேலையும் எகிப்தின் இணக்கமின்றி மேற்கொள்ளப்படலாகாது என்பதே அதன் சாரம். அந்நாடுகளின் மக்களை எவரும் கேட்கவில்லை. கேட்கப்படக்கூடிய நிலையில் அவர்கள் வைக்கப்பட்டிருக்கவுமில்லை.

1959இல் எகிப்தும் சுதந்திர சூடானும் செய்துகொண்ட உடன்படிக்கை இவ்வநீதியை எண்களாக வகுத்துத் தந்தது. அஸ்வானை ஆண்டுதோறும் அடையும் நீர் சராசரியாக 84 பில்லியன் கன மீற்றர் எனக் கொள்ளப்பட்டது. எகிப்துக்கு 55.5 பில்லியன், சூடானுக்கு 18.5 பில்லியன், ஆவியாதலுக்கும் கசிவுக்கும் 10 பில்லியன். கூட்டிப் பார்ப்பின் 84 நிறைந்துவிடுகின்றது. நைலின் நீரில் ஏறத்தாழ 85 வீதத்தை வழங்கும் எதியோப்பிய மலைநாட்டுக்கு ஒரு துளியும் ஒதுக்கப்படவில்லை. வெயிலில் ஆவியாகும் நீருக்குக்கூட அக்கணக்கில் இடமிருந்தது. எதியோப்பிய உழவனுக்கு இருக்கவில்லை.

எகிப்தின் சார்பிற் கூறப்படுவதையும் நேர்மையாக நோக்குதல் வேண்டும். அந்நாட்டின் நன்னீரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நைலிலிருந்தே கிடைக்கின்றது. பத்துக் கோடிக்கு மேற்பட்ட மக்கள் அதனை நம்பி வாழ்கின்றனர். இவ்வுண்மையைப் புறக்கணிக்கும் எத்தீர்வும் தீர்வாகாது. ஆயின், தேவை வேறு. பழைய பத்திரம் வேறு. வறட்சிக் காலத்தில் எகிப்திய உழவனின் வயல் காயலாகாது என்பது மனித நீதி. ஏகாதிபத்தியம் எழுதிவைத்த பத்திரத்துக்கு ஏனைய நாடுகள் என்றென்றும் கட்டுப்பட வேண்டும் என்பது குடியேற்றவாதத்தின் எச்சம். 1962இல் தங்கனீக்கா, 1929ஆம் ஆண்டின் உடன்படிக்கை தன்னைக் கட்டுப்படுத்தாது என அறிவித்தமை இங்கு மனங்கொள்ளத்தக்கது. மேலும், இன்று பிறர் அணை கட்டுமுன் தன்னைக் கேட்க வேண்டும் என வாதிடும் எகிப்து, அஸ்வான் உயரணையை எழுப்பியபோது எதியோப்பியாவின் சம்மதத்தைக் கேட்கவில்லை.

1999இல் நைல் நாடுகளின் கூட்டு முயற்சி தொடங்கிற்று. ஆய்வுகளும் கூட்டங்களும் தடையின்றி நடைபெற்றன. 2010இல் நீர்ப் பங்கீட்டுக்கு அடிப்படையாகும் ஒப்பந்தம் கையொப்பத்துக்கு வந்தபோது எகிப்தும் சூடானும் மறுத்துவிட்டன. தமது தற்போதைய பயன்பாடுகளும் உரிமைகளும் பாதிக்கப்படலாகாது என்ற வாசகம் அதில் இடம்பெற வேண்டும் என்பது அவற்றின் நிபந்தனை. அவ்விரு நாடுகளும் இணையாமலே, ஆறு நாடுகளின் ஏற்புடன் அவ்வொப்பந்தம் 2024 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. பேச்சளவில் நின்றவரை அனைவரும் ஒத்துழைத்தனர். பங்கு பற்றிய வாசகம் வந்ததும் ஒத்துழைப்பு முறிந்தது.

இனி எதியோப்பியாவை நோக்குவோர் அதன் கோரிக்கையின் நியாயத்தை மறுத்தல் இயலாது. 2011 ஏப்ரலில் நீல நைலின் குறுக்கே தொடங்கப்பட்ட பேரணையின் செலவிற் பெரும்பகுதி உள்நாட்டிலேயே திரட்டப்பட்டது. மின்னொளி காணாத கோடிக்கணக்கான மக்கள் அதனை எதிர்பார்த்திருந்தனர். ஆயினும் நியாயமான கோரிக்கை நியாயமான வழியாலும் நிறைவேற்றப்படுதல் வேண்டும். முதன்முறை நீர் நிரப்புவதற்கும் அணையை இயக்குவதற்குமான விதிகளில் இணக்கம் காண்பதாக 2015 மார்ச்சில் மூன்று நாடுகளும் கார்ட்டூமிலே கையொப்பமிட்டன. அவ்விணக்கம் ஏற்படுமுன்னரே 2020 யூலையில் நீர் நிரப்பல் தொடங்கியது. 74 பில்லியன் கன மீற்றர் கொள்ளளவுடைய அவ்வணை 2025 செப்டெம்பரில் திறந்துவைக்கப்பட்டபோதும் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை எதுவும் இருக்கவில்லை. தன் எல்லைக்குள் ஓடும் நீர் தன் விருப்பத்துக்குரியது என்னும் வாதம் புதியதன்று. 1895இல் ரியோ கிராண்டே ஆறு தொடர்பாக மெக்சிக்கோவுக்கு எதிராக ஐக்கிய அமெரிக்காவின் சட்டமா அதிபர் ஹார்மன் முன்வைத்த வாதமே அது. நேற்று வஞ்சிக்கப்பட்ட நாடு இன்று வல்லரசின் நியாயத்தை இரவல் பெறுவது விடுதலையாகாது.

இத்தகைய பிணக்குகளுக்கெனச் சட்டமே இல்லை என்று கூறுதலும் பொருந்தாது. 1997இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை சர்வதேச நீரோட்டங்கள் பற்றிய சமவாயத்தை 103 வாக்குகளால் நிறைவேற்றியது. சீனா, துருக்கி, புரூண்டி ஆகியன எதிர்த்தன. எகிப்தும் எதியோப்பியாவும் வாக்களிப்பிலிருந்து விலகி நின்றன. நடைமுறைக்கு வரத் தேவையான 35 நாடுகளின் ஏற்பைப் பெற அதற்கு 17 ஆண்டுகள் பிடித்தன. நீதியான பயன்பாட்டை வலியுறுத்தும் விதியை மேலாற்று நாடுகள் போற்றுகின்றன. பாரிய தீங்கு விளைத்தலாகாது என்னும் விதியைக் கீழாற்று நாடுகள் போற்றுகின்றன. இரண்டும் ஒரே சட்டத்தின் இரு கடமைகள் என்பதை ஏற்க இரு சாராரும் ஆயத்தமாயில்லை.

அரசுகள் தம் இறைமையை ஒருபோதும் விட்டுக்கொடா என்று 'யதார்த்தம்' பேசுவோர் உளர். அவர்கள் செனகல் ஆற்றின் பக்கம் பார்வையைத் திருப்புதல் நன்று. மாலி, மொறிற்றேனியா, செனகல் ஆகிய மூன்று வறிய நாடுகள் 1972இல் ஓர் அமைப்பை நிறுவின. மாலியின் மண்ணில் எழுந்த மனந்தாலி அணை மாலிக்கு மாத்திரம் சொந்தமானதன்று. 1978ஆம் ஆண்டின் உடன்படிக்கைப்படி அது மூன்று நாடுகளினதும் பிரிக்கப்படாத பொதுச்சொத்து. செலவும் பயனும் பகிரப்படுகின்றன. அவ்வணைகளால் ஆற்றின் இயற்கை வெள்ளம் தடைப்பட்டு வெள்ளச்சமவெளி உழவர்கள் நலிவுற்றதும் உண்மையே. அரசுகளுக்கிடையிலான நீதி மக்களுக்கான நீதியாகத் தானே மாறிவிடாது என்பதை அது உணர்த்துகின்றது. ஆயினும் அரசுகளைக் கடமையாற் பிணைத்தல் இயலாது என்ற வாதத்தை அம்மூன்று நாடுகளும் பொய்ப்பித்துள்ளன.

எனவே நைலுக்கு வேண்டுவது இன்னொரு பிரகடனமன்று. அணையின் நீர்மட்டமும் திறந்துவிடப்படும் நீரின் அளவும் மறைக்கப்படாது நாள்தோறும் பகிரப்படல் வேண்டும். தொடர் வறட்சியில் மேலிருந்து எவ்வளவு நீர் விடப்படும் என்பது முன்கூட்டியே எழுதப்படல் வேண்டும். பிணக்கு எழுமிடத்து மூன்றாந்தரப்பின் தீர்ப்பு இரு சாராரையும் கட்டுப்படுத்தல் வேண்டும். இவற்றுக்கு விலையாக எகிப்து 1959ஆம் ஆண்டின் கணக்கைக் கைவிட வேண்டும். எதியோப்பியா தன்னிச்சையைக் கைவிட வேண்டும். இவ்விலையைக் கொடுக்க மனமின்றி ஒத்துழைப்பைப் பற்றிப் பேசுவோர், அடுத்த மாநாட்டிலும் உறுதிமொழிகளையே வழங்குவர். நைல் கரையிலுள்ள உழவனோ மாநாட்டு மண்டபத்தைப் பார்த்திருப்பதில்லை, வாய்க்காலையே பார்த்திருக்கின்றான்.