மாணவிகளுக்குத் தெரியவேண்டிய 72 மணி நேரம்



மகளிர் கல்லூரி ஒன்றில் விலங்கியல் கற்பிக்கிறேன். இனப்பெருக்கப் பாடம் முடிந்ததும், பெயரெழுதாமல் துண்டுச்சீட்டில் கேள்வி கேட்கலாம் என்றேன். அவசரக் கருத்தடை மாத்திரை பற்றித்தான் நிறைய வந்தன. "அதைப் போட்டால் அப்புறம் குழந்தையே பிறக்காதாமே, மேடம்?" "கருக்கலைப்பு மாத்திரையும் அதுவும் ஒன்றுதானே?"

இரண்டுமே தவறு. அவசரக் கருத்தடைக்கான லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம் மாத்திரை, கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது. ஏற்கெனவே உண்டான கர்ப்பத்தைக் கலைக்காது. பின்னாளில் பிள்ளைப்பேற்றையும் கெடுக்காது. உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஐந்து நாட்களுக்குள் காப்பர்-டி பொருத்திக்கொள்வது இன்னும் பலன் தரும். வழக்கமான கருத்தடைக்கு இந்த மாத்திரை மாற்றல்ல, பால்வினை நோயையும் தடுக்காது.

தெரிந்தால் மட்டும் போதுமா? இந்த மாத்திரையை மருத்துவர் சீட்டில்லாமல் விற்க 2005-இலேயே அனுமதி வந்துவிட்டது. தமிழ்நாட்டிலோ பல மருந்துக் கடைகளில் இது கிடைப்பதில்லை. கேட்கும் பெண்ணைக் கடைக்காரர் மேலும் கீழும் பார்க்கிறார். பக்கத்தில் நிற்பவரும் திரும்பிப் பார்க்கிறார். வன்முறைக்கு ஆளான ஒருத்தி எத்தனை கடை ஏறி இறங்குவாள்? மாத்திரை எளிதில் கிடைத்தால் ஒழுக்கம் கெட்டுவிடும் என்பவர்களைக் கேட்கிறேன்: பயத்தில் மறைத்து, நாள் தள்ளிப்போய், யாரோ சொன்ன மருந்தைத் தின்று, ரத்தப்போக்கோடு ஒரு பெண் ஆஸ்பத்திரிக்கு வருவது மேலா?

இதைச் சீட்டில்லாமல் விற்கலாம் என்று மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கடைகளுக்கு எழுத்துப்பூர்வமாகத் தெளிவுபடுத்த வேண்டும். கல்லூரிதோறும் அரசு மகப்பேறு மருத்துவர் ஒருவர் பருவத்துக்கு ஒருமுறை வந்து மாணவிகளோடு பேசட்டும், ஆசிரியர்கள் நாங்கள் வெளியே நிற்கிறோம்.

- பேராசிரியை ஒருவர், திருநெல்வேலி