குருதிக் குழாயும் சிறு சில்லும்

விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் இடையே முண்டியம்பாக்கத்தில் அரசினர் மருத்துவக் கல்லூரி தோன்றிய 2010-ஆம் ஆண்டிலேயே, அமெரிக்காவில் ஹார்வர்டு அறிஞர் டொனால்டு இங்பர் குழுவினர் மனித நுரையீரலின் செயலை விரலளவுச் சில்லொன்றில் நிகழ்த்திக் காட்டினர். இது தற்செயலே, எனினும் இரண்டையும் இணைத்தெண்ணுதல் நலமென்போம்.

நீரிழிவின் விபரீதம் நோக்கத்தக்கது. ஒரே நோயாளியின் கண்ணில் வேண்டாத நுண்குழாய்கள் முளைத்துப் பார்வையைக் கெடுக்கின்றன. காற்புண்ணிலோ வேண்டிய குழாய்கள் முளையாமையால் புண் ஆறாது, காலையே இழக்க நேரிடுகின்றது. எலியும் கோழி முட்டைக் கருவும் இம்மாறுபாட்டை மனிதவுடலில் உள்ளவாறு முற்றும் காட்டா. சில்லிலோ, மயிரிழையனைய கால்வாயின் உட்புறத்தே மனிதரின் குழாய்ச் சுவரணுக்களைப் பரப்பி, அருகே கூழ்போன்ற புரதப் படுகையமைத்து, அப்பாலிருந்து வளர்ச்சித் தூண்டியைக் கசியவிட்டால், அணுக்கள் அத்திசை நோக்கிக் கிளைப்பதைக் கண்ணாரக் காணலாம். சர்க்கரையைக் கூட்டியும் குறைத்தும் பார்க்கலாம்.

சில்லுக்குக் கல்லீரலும் இல்லை, நடக்கும் காலும் இல்லை. அதுவே போதுமென்பார் கூற்றை நாம் ஏற்கோம். ஆயினும் 2023-இல் இந்திய அரசாங்கமே புது மருந்து விதிகளைத் திருத்தி இம்முறைக்கு இடமளித்திருக்க, நம் மாணாக்கர் இதனை அறியாதிருத்தல் தகுமோ? ஆண்டுக்கு இரண்டு விரிவுரைகளேனும் இதற்கு ஒதுக்குக. முதல் விரிவுரைக்கு முண்டியம்பாக்கத்து மருத்துவர் ஒருவரை அழைத்து, ஆறாத புண்ணைப் பற்றியே பேசச் செய்க.