அப்பாவின் கடையை ஏன் மறைக்க வேண்டும்?

லண்டன் ஈஸ்ட் ஹாமிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சகோதரி என்றே அழைக்கிறேன். மூத்த மகள் சட்டம் படித்து முடித்துவிட்டாள். பெரிய வணிகச் சட்ட நிறுவனங்களில் டிரெய்னியாகச் சேர இரண்டு வருடமாக விண்ணப்பம் போட்டு, ஏறக்குறைய எல்லா இடத்திலும் 'இல்லை'. இப்போது ஒரு நிறுவனம் அசெஸ்மென்ட் டேக்கு அழைத்திருக்கிறது. இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. 'வீட்டில் என்றால் வடிவாகக் கதைப்பாள், ஆக்கள் இருந்தால் வாய் திறக்க மாட்டாள்' என்று எழுதியிருக்கிறார். அவர் கணவருக்கு ஒரு மூலைக்கடை. பதினாறு வயதிலிருந்து சனி, ஞாயிறு முழுக்க அங்கேதான் மகள் நின்றிருக்கிறாள். ஆனால் விண்ணப்பத்தில் கடையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 'அதை எழுதினால் மதிக்க மாட்டார்கள் என்கிறாள், நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?' என்பது கேள்வி.

சொல்வதற்கு நிறைய இருக்கிறது, சகோதரி. அதற்கு முன் மற்ற வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம்.

இங்கிலாந்தில் சொலிசிட்டர் ஆவதற்குப் பட்டம் மட்டும் போதாது. இரண்டு வருடம் வேலையில் பயிற்சி பெற வேண்டும். பெரிய நிறுவனங்களில் இது வழக்கமாக ஆறு ஆறு மாதமாக நான்கு பிரிவுகளில் நடக்கும். சம்பளமும் உண்டு. தகுதித் தேர்வுக்கான படிப்புச் செலவையும் பெரிய நிறுவனங்கள் பொதுவாக ஏற்றுக்கொள்ளும். படிப்புக் கடன் தலையில் இருக்கும் குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் ஒரு இடத்துக்கு அத்தனை போட்டி. விண்ணப்பம், ஆன்லைன் தேர்வு, சில இடங்களில் வீடியோ இன்டர்வியூ எல்லாம் தாண்டியவர்களை ஒரு நாள் அலுவலகத்துக்கு வரவழைப்பார்கள். குழு விவாதம், ஒரு கேஸ் ஸ்டடி, எழுத்துப் பயிற்சி, பார்ட்னர்களுடன் இன்டர்வியூ, நடுவே மதியச் சாப்பாடு. அதுதான் அசெஸ்மென்ட் டே.

நம் ஊர் மாணவர்களுக்கும் இதில் சம்பந்தம் உண்டு. பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி மாதிரியான இடங்களிலிருந்து லண்டன் நிறுவனங்கள் பிள்ளைகளை எடுப்பது பல வருடமாக நடக்கிறது. அதே நிறுவனங்கள் இந்தியாவுக்குள் வந்து வக்கீல் தொழில் செய்யலாமா என்ற வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்திலும் நடந்தது. 2012ல் அங்கே தீர்ப்பு, 2018ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, 2023ல் பார் கவுன்சிலின் புது விதிகள் என்று அது தனிக் கதை. இன்னொரு வாரம் பார்ப்போம்.

இப்போது கடைக்கு வருகிறேன்.

இந்த நிறுவனங்கள் எல்லோரிடமும் தேடும் ஒரு குணம், வணிக அறிவு. ஒரு வியாபாரத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே ஒழுகுகிறது, எதனால் முதலாளிக்கு ராத்திரி தூக்கம் போகிறது என்று தெரிந்திருப்பது. இதற்காகப் பிள்ளைகள் மாதக்கணக்கில் பொருளாதாரப் பத்திரிகைகளை வாசித்து, கம்பெனி இணைப்புச் செய்திகளை மனப்பாடம் செய்கிறார்கள். மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்து மதிப்பெண் போட்டவன் என்ற முறையில் சொல்கிறேன். வட்டி விகிதம் ஏறியதைப் பற்றி பத்துப் பேரும் ஒரே பத்தியை ஒப்பிப்பார்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிடும்.

உங்கள் மகளுக்கு இதெல்லாம் வாழ்க்கையாகவே தெரியும். 2025 ஜூன் 1 முதல் அங்கே ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் வேப் விற்கத் தடை. அன்றைக்கு உங்கள் கடையில் என்ன நடந்தது? மிச்சமிருந்த சரக்கை என்ன செய்தீர்கள்? அந்த அலமாரியில் இப்போது என்ன இருக்கிறது? விற்பனை விழுந்ததா, வேறு வழியில் ஈடுகட்டினீர்களா? இதை அவள் ஐந்து நிமிடம் சொன்னால், ஒரு சட்டம் மாறினால் வியாபாரம் எப்படி மாறுகிறது என்பதற்கு அதைவிட நல்ல பதில் அந்த அறையில் யாரிடமும் இருக்காது.

கடையின் லீஸ் இன்னொன்று. இங்கிலாந்தில் கடை வாடகைக்கு எடுத்தவருக்கு, லீஸ் முடிந்தாலும் புதுப்பித்துக் கேட்கும் உரிமையை 1954ஆம் ஆண்டின் வீட்டுக்காரர் – குத்தகைதாரர் சட்டம் தருகிறது. ஆனால் ஒப்பந்தம் போடும்போதே அந்த உரிமை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட வழியும் இருக்கிறது. பல சிறு கடைக்காரர்கள் எதில் கையெழுத்துப் போட்டோம் என்று தெரியாமலே போட்டிருப்பார்கள். மகளை உங்கள் லீஸை எடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். இன்டர்வியூவுக்கும் உதவும், உங்களுக்கும் உதவும். எதிரே சூப்பர் மார்க்கெட்டின் சின்னக் கிளை திறந்தபோது எந்தப் பொருளின் விலையைக் குறைத்தீர்கள், எதைக் குறைக்கவில்லை, ஏன் என்பதையும் அவள் அப்பாவிடம் ஒருமுறை உட்கார்ந்து கேட்கட்டும். பதினாறு வயதில் கல்லாவில் நின்றபோது அதெல்லாம் கண்ணில் பட்டிருக்கும், காரணம் கேட்டிருக்க மாட்டாள்.

விண்ணப்பத்தில் எழுதவில்லையே என்று கவலை வேண்டாம். எழுதாமல் விட்டது பொய் ஆகாது. இன்டர்வியூவில் சொல்ல எந்தத் தடையும் இல்லை. 'நான் ஐந்து வருடம் எங்கள் குடும்பக் கடையில் வேலை செய்திருக்கிறேன்' என்று சாதாரணமாகத் தொடங்கினால் போதும். கஷ்டப்பட்ட கதையாகச் சொல்ல வேண்டாம். வேலை செய்த அனுபவமாகச் சொல்லட்டும்.

அடுத்தது கேஸ் ஸ்டடி. ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியை வாங்கப் போகிறது என்று ஒரு கட்டுக் காகிதத்தைக் கொடுத்து, ஒரு மணி நேரம் போல வாசிக்க விடுவார்கள். பிறகு பார்ட்னர் முன்னால் உட்கார்ந்து, வாங்கலாமா கூடாதா, ஆபத்து எங்கே என்று சொல்ல வேண்டும். இதில் வரும் பெரிய பெரிய வார்த்தைகளைப் பார்த்துப் பிள்ளைகள் மிரள்கிறார்கள். நம் வீடுகளில் மனை வாங்கியவர்களுக்கு இது புதிதே இல்லை. தாய்ப்பத்திரம் பார்க்கிறோம், வில்லங்கச் சான்று எடுக்கிறோம், பட்டா யார் பேரில் என்று கேட்கிறோம், அடமானம் இருக்கிறதா, பங்காளி வழக்கு இருக்கிறதா என்று விசாரிக்கிறோம். 'டியூ டிலிஜென்ஸ்' என்பது அதுவேதான். கம்பெனிக்கு வில்லங்கம் பார்ப்பது.

அதில் முதல் கேள்வி: பங்குகளை வாங்குகிறார்களா, சொத்துகளை மட்டும் வாங்குகிறார்களா? பங்குகளை வாங்கினால் கம்பெனி அப்படியே கைமாறும். அதன் கடன், வழக்கு, வரி பாக்கி எல்லாம் கூடவே வரும். சொத்துகளை மட்டும் வாங்கினால் வேண்டியதைப் பொறுக்கிக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் தனியாக மாற்றி எழுத வேண்டும். அப்போதும் ஊழியர்களை விட்டுவிட முடியாது. அந்த நாட்டின் 2006ஆம் ஆண்டு விதிகளின்படி, வியாபாரம் கைமாறும்போது அதில் வேலை செய்பவர்களும் பழைய நிபந்தனைகளோடு புது முதலாளியிடம் போவார்கள். இன்னொன்று, ஒப்பந்தங்களில் ஒளிந்திருக்கும் ஒரு ஷரத்து. 'இந்தக் கம்பெனியின் உரிமையாளர் மாறினால் நாங்கள் விலகிக்கொள்ளலாம்' என்று பெரிய வாடிக்கையாளர் எழுதி வாங்கியிருப்பார். வருமானத்தில் பாதி அவரிடமிருந்து வருகிறதென்றால், வாங்கிய மறுநாள் கையில் காலி டப்பாதான். கேஸ் ஸ்டடி தயாரிப்பவர்களுக்கு இந்த ஷரத்தின் மேல் தனிப் பிரியம். இணைப்பில் எங்காவது ஒரு மூலையில் செருகி வைத்திருப்பார்கள்.

பழகிப் பார்க்க உண்மைக் கதை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். 2000ஆம் ஆண்டில் டாடா டீ, பிரிட்டனின் டெட்லியை 27.1 கோடி பவுண்டுக்கு வாங்கியது. தன்னைவிடப் பெரிய கம்பெனியை, பெரும்பகுதி கடன் வாங்கி வாங்கியது. ஏன் வாங்கினார்கள்? தோட்டத்தில் விளையும் தேயிலைக்குக் கிடைக்கும் காசு வேறு, பெட்டியில் பெயர் போட்டு விற்கும் தேயிலைக்குக் கிடைக்கும் காசு வேறு. கடன் கொடுத்த வங்கி எதைப் பிணையாகக் கேட்டிருக்கும்? டெட்லி என்ற பெயரின் உரிமை எந்தெந்த நாட்டில் பதிவாகியிருக்க வேண்டும்? இப்படிக் கேள்வி கேட்டுக்கொண்டே போகலாம். உங்கள் கடை அலமாரியிலேயே அந்தப் பெட்டி இருக்கும்.

காகிதக் கட்டைக் கையில் வாங்கியதும் முதல் பக்கத்திலிருந்து வாசிக்க வேண்டாம். என்ன கேட்கிறார்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும். பார்ட்னர் முன்னால் முடிவை முதல் வாக்கியத்தில் சொல்ல வேண்டும்: 'வாங்கலாம், ஆனால் மூன்று விஷயம் சரியானால்.' பிறகு காரணம். நடுவில் அவர் குறுக்கே வந்து, 'அந்த வாடிக்கையாளர் நேற்றே விலகிவிட்டார் என்று வைத்துக்கொள்' என்பார். மட்டம் தட்டுவதற்காக இல்லை. புதுத் தகவல் வந்தால் பிள்ளை சாய்ந்து விழுகிறதா, யோசிக்கிறதா என்று பார்ப்பதற்கு. 'அப்படியானால் விலையைக் குறைத்துக் கேட்கலாம், இல்லையென்றால் விலகச் சொல்வேன்' என்று கருத்தை மாற்றிக்கொள்வதில் தவறே இல்லை. பிடிவாதத்துக்கு மதிப்பெண் கிடையாது.

வாய் திறக்காத பிள்ளைக்கு உண்மையான சோதனை குழு விவாதம்தான். ஆறேழு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்வார்கள். ஓரத்தில் மதிப்பீட்டாளர்கள் தாளோடு இருப்பார்கள். சத்தமாகப் பேசுபவனுக்கே வேலை கிடைக்கும் என்பது தப்பு. மற்றவரை வெட்டிப் பேசினால் அந்தத் தாளில் அதுவும் ஏறும். ஆனால் ஒன்றுமே பேசாதவருக்கு மதிப்பெண் போட அவர்களிடம் எதுவுமே இருக்காது. அதுதான் கஷ்டம். அவளை வேறு ஆளாக மாறச் சொல்லாதீர்கள். முதல் ஐந்து நிமிடத்துக்குள் ஒரு வாக்கியம், அது போதும். 'நமக்கு முப்பது நிமிடம், நான்கு கேள்வி, எதை முதலில் எடுக்கலாம்?' என்பதுகூட நல்ல வாக்கியம். ஒரு தடவை வாய் திறந்துவிட்டால் இரண்டாவது தடவை சுலபம். பிறகு யாரும் கவனிக்காமல் விட்ட ஒரு எண்ணைத் தாளிலிருந்து எடுத்துச் சொல்லலாம். இன்னும் பேசாத ஒருவரைப் பார்த்து 'நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?' என்று கேட்கலாம். அமைதியான பிள்ளைகள் மற்றவர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பார்கள். கடைசியில் தொகுத்துச் சொல்ல அவர்களைவிட நல்ல ஆள் கிடையாது.

இன்டர்வியூவில் நம் பிள்ளைகளிடம் ஒரு பழக்கத்தைப் பார்க்கிறேன். நல்லதாக எதைச் செய்திருந்தாலும் 'நாங்கள் செய்தோம்' என்பார்கள். தப்பு என்றால் மட்டும் 'நான்'. அடக்கமாக வளர்த்திருக்கிறோம், சந்தோஷம். ஆனால் மதிப்பீட்டாளருக்கு இவள் எதைச் செய்தாள் என்று தெரிய வேண்டும். 'கல்லூரித் தமிழ்ச் சங்கத்தில் பொங்கல் விழா நடத்தினோம்' என்பதற்குப் பதில், 'மண்டபக்காரர் கடைசி நேரத்தில் வாடகையை ஏற்றினார், நான் போய்ப் பேசிக் குறைத்தேன்' என்று சொல்லட்டும். உங்களுக்காக அவள் கவுன்சில் அலுவலகத்திலும் டாக்டரிடமும் மொழிபெயர்த்திருப்பாள் இல்லையா? அதுவும் அனுபவம்தான். சிக்கலான விஷயத்தை எளிமையாக்கி, பதற்றத்தில் இருப்பவருக்குப் புரிய வைக்கும் வேலை. வக்கீல் தொழிலில் தினமும் அதுதான்.

வாட்சன் – கிளேசர் என்ற தர்க்கத் தேர்வை அன்றைக்கு மறுபடி வைத்தாலும் வைக்கலாம். பொதுவாக 30 நிமிடத்தில் 40 கேள்வி. கொடுத்த பத்தியில் இருப்பதை மட்டும் வைத்துப் பதில் சொல்ல வேண்டும், வெளியுலக அறிவைக் கலக்கக் கூடாது. பழகினால் வரும். டிஸ்லெக்சியா மாதிரி எதாவது இருந்தால் கூடுதல் நேரம் கேட்க 2010ஆம் ஆண்டு சமத்துவச் சட்டம் இடம் தருகிறது. முன்கூட்டியே கேட்க வேண்டும்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. இந்த மூன்று வாரமும் தினம் இரவு கடை மூடிய பிறகு, அன்றைக்கு வாசித்த ஒரு வியாபாரச் செய்தியை அவள் அப்பாவுக்குத் தமிழில் சொல்லட்டும். ஐந்தே நிமிடம். தமிழில் சொல்லும்போது கடன் வாங்கிய ஆங்கில வார்த்தைகளுக்குப் பின்னால் ஒளிய முடியாது. புரிந்திருந்தால்தான் வாயில் வரும். அப்பா ஒரு கடைக்காரர் கேட்பதுபோல் கேட்கட்டும்: 'அவன் ஏன் இவ்வளவு காசு கொடுக்கிறான்? நட்டம் வந்தால் யார் தலையில்?' எந்தப் பார்ட்னரும் இதைவிடக் கடினமாகக் கேட்கப் போவதில்லை. சொந்தக்காரர்களிடம் மட்டும் தேதியைச் சொல்லி வைக்காதீர்கள். மறுநாளே பத்துப் பேர் போன் போடுவார்கள், அதற்குப் பதில் சொல்வது தனி வேலை.

கிடைக்காவிட்டால்? கேட்க வேண்டிய கேள்விதான், நீங்கள் கேட்கவில்லை என்றாலும். இந்த நிலை வரை வந்தவர்களுக்குப் பல நிறுவனங்கள் எங்கே குறைந்தது என்று சொல்லும். கேட்டு வாங்க வேண்டும். 2021ல் வந்த புதிய தகுதித் தேர்வு முறையில், இரண்டு வருட அனுபவத்தை ஒரே இடத்தில்தான் பெற வேண்டும் என்பதில்லை. நான்கு நிறுவனங்கள் வரை பிரித்துப் பெறலாம். பக்கத்துத் தெருவில் குடியேற்ற வழக்கு பார்க்கும் சின்ன அலுவலகமும், இலவசச் சட்ட மையமும் அந்தக் கணக்கில் வரும். சம்பளம் பெரிய நிறுவனம்போல் இருக்காது, தேர்வுச் செலவும் பெரும்பாலும் உங்கள் கையிலிருந்துதான் போகும். அதை இப்போதே வீட்டில் பேசி வைத்துக்கொள்வது நல்லது.

கடைசியாக, மதியச் சாப்பாடு. அங்கே ஏற்கெனவே வேலை செய்யும் டிரெய்னிகளோடு உட்கார வைப்பார்கள். மதிப்பெண் கிடையாது என்று சொல்வார்கள். நம்பலாம், ஆனால் போன வாரம் எங்கே எல்லாம் இன்டர்வியூ போனேன் என்ற கதையெல்லாம் வேண்டாம். மகள் சைவம் என்றால் முன்னாடியே மின்னஞ்சலில் சொல்லிவிடட்டும். பயணச் செலவைச் சில நிறுவனங்கள் திருப்பிக் கொடுக்கும், ரயில் ரசீதைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள்.